மூக்கைப் பொத்தினால் தேயிலை தெரியும்

வாசனை சேர்த்த தேயிலை வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் மூக்கை நம்பித்தான் முடிவெடுக்கிறோம். டப்பாவைத் திறந்ததும் மல்லிகையோ வெனிலாவோ குப்பென்று வந்தால் நல்ல சரக்கு என்று நினைத்துவிடுகிறோம். உலர்ந்த இலையின் வாசனை சொல்வதோ ஒன்றே ஒன்றுதான்: அதன்மேல் எவ்வளவு மணம் ஏற்றியிருக்கிறார்கள் என்பது. அடியில் இருக்கும் இலையின் தரம் என்ன, வெந்நீரில் இறங்கிய பிறகு மணமும் இலையும் ஒத்துப்போகுமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. எனவே இலையைத் தனியாகவும் மணத்தைத் தனியாகவும் சுவைத்து, அதன்பின் இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே சரியான முறை. ஒரு வடிகட்டி, உள்புறம் வெள்ளையான கோப்பைகள், ஒரு தராசு, ஒரு கடிகாரம் ஆகியவை இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்யலாம்.

முதல் படி: மணம் ஏறிய வழியை அறியுங்கள்

உலர்ந்த தேயிலை ஈரத்தையும் வாசனையையும் சுலபமாக உறிஞ்சிக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் டீத்தூளை வைக்கக் கூடாது என்பதற்கும், மல்லிகைத் தேநீர் என்று ஒன்று இருப்பதற்கும் காரணம் இந்த ஒரே குணம்தான். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள ஃபூசோ நகரம் மல்லிகைத் தேயிலைக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. பிற்பகலில் பறித்த மொட்டுகள் இரவில் மலரும் நேரத்தில் அவற்றைத் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். மணத்தைக் கொடுத்து முடித்த பூக்களைச் சலித்து நீக்கி, ஈரமேறிய இலையை மறுபடி உலர்த்துகிறார்கள். உயர்ந்த ரகங்களுக்குப் புதுப் பூக்களோடு இதையே பலமுறை செய்கிறார்கள். அங்கே பயன்படும் பூ, 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் அதே இனம். ஏர்ல் கிரே என்ற பிளாக் டீயின் வழி வேறு. இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் பெரிதும் விளையும் பெர்கமட் என்ற எலுமிச்சைக் குடும்பத்துப் பழத்தின் தோல் எண்ணெய், அல்லது அதே மணம் தரும் செயற்கைப் பொருள், இலைமேல் சேர்க்கப்படுகிறது. சீனாவின் வூயி மலைப்பகுதியைச் சேர்ந்த லாப்சாங் சூசோங் என்ற தேயிலை, பைன் விறகுப் புகையில் உலர்த்தப்படுகிறது. நம் மசாலா டீயில் ஏலக்காயும் சுக்கும் இலையோடு கலந்தே கிடக்கின்றன. ஆக பூ, எண்ணெய், புகை, கலவை என்று வழிகள் நான்கு. கையில் இருப்பது எந்த வகை என்று லேபிளைப் படித்துத் தெரிந்துகொண்டால், கோப்பையில் எதைத் தேட வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

இரண்டாம் படி: இரண்டு கோப்பை, ஒரே அளவு

வாசனைத் தேயிலையை ஒருபோதும் தனியாகச் சுவைக்காதீர்கள். பக்கத்திலேயே வாசனை சேர்க்காத அதே வகை இலையையும் போடுங்கள். ஏர்ல் கிரேயோடு நீலகிரி இலைத் தேயிலையை வைக்கலாம். மல்லிகைத் தேநீரோடு சாதாரண கிரீன் டீயை வைக்கலாம். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எது இலையின் குணம், எது ஏற்றிய மணம் என்று பிரிக்கவே முடியாது. தேநீர்ச் சோதனைக்கென 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரமுறை, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் என்று அளவு வைத்திருக்கிறது. குடிக்க இதமான தேநீர் போடும் குறிப்பு அல்ல அது. குறைகள் வெளியே தெரியும்படி எல்லா இலைகளையும் ஒரே நிலையில் நிறுத்தும் ஏற்பாடு. வீட்டில் அந்த விகிதத்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் குறைக்கலாம்: 150 மில்லிக்கு 3 கிராம், பிளாக் டீ என்றால் கொதிநீரில் 3 நிமிடம், கிரீன் டீ என்றால் சுமார் 80 டிகிரிக்கு ஆறிய நீரில் 2 நிமிடம். இலையைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுப்பது நல்லது. இறுகச் சுருண்ட இலையும் விரிந்த இலையும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருப்பதில்லை. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையும் தவிர்த்துவிடுங்கள். அது தேநீரின் மேல் ஆடை கட்டி, மணத்தையும் மங்கச் செய்துவிடும்.

மூன்றாம் படி: மூக்கைப் பொத்திக் குடியுங்கள்

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வடிகட்டிய தேநீர் வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், விரலால் மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் உறிஞ்சுங்கள். ஏர்ல் கிரேயாக இருந்தால் பெர்கமட் அடியோடு மறைந்துவிடும். எஞ்சுவது கசப்பு, லேசான புளிப்பு, கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு ஆகியவைதான். விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். அடுத்த மூச்சு வெளியேறும்போது, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் எழுவது போன்ற நெடி தொண்டைக்குப் பின்னாலிருந்து மூக்கில் ஏறும். நாக்கு அறிவது சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே. மல்லிகை, வெனிலா, புகை என்று நாம் பெயர் சொல்பவை எல்லாம் வாயிலிருந்து மூக்குக்குப் போகும் மணங்கள். ஆகவே மூக்கை மூடிக் குடிக்கும் மடக்கு இலைக்கு, மூக்கைத் திறந்து குடிக்கும் மடக்கு மணத்துக்கு. மூக்கை மூடியபோது வெறும் வெந்நீர் போலவோ முரட்டுக் கசப்பாகவோ இருந்தால், மட்டமான இலையை மணத்தால் மூடியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். வெனிலா டீ சர்க்கரை இல்லாமலே இனிப்பது போலத் தோன்றுவதையும் இந்தச் சோதனை தெளிவாக்கிவிடும். மூக்கை மூடியதும் அந்த இனிப்பு காணாமல் போகும்.

நான்காம் படி: ஆறவிட்டு, மறுபடி ஊற்றுங்கள்

சூட்டில் மணம் வேகமாக ஆவியாகி மற்றதை எல்லாம் மறைத்துவிடும். அதனால் பாதிக் கோப்பையை மீதம் வைத்து, நன்றாக ஆறிய பிறகு குடித்துப் பாருங்கள். ஏற்றிய வாசனை அளவுமீறி இருந்தால் சோப்பு நெடியாகவோ மருந்து வாடையாகவோ அப்போது வெளிப்படும். பிறகு அதே இலைமேல் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றுங்கள். பலமுறை பூவோடு கலந்து உலர்த்திய மல்லிகைத் தேயிலையில் இரண்டாம் நீரிலும் பூ இருக்கும். மேலோட்டமாக மணமூட்டிய இலை முதல் நீரிலேயே பெரும்பகுதியைக் கொட்டிவிடும்.

எழக்கூடிய மறுப்புகள்

நல்ல இலைக்கு வாசனை எதற்கு, மட்டமானதை மறைக்கத்தானே என்று சிலர் கேட்பார்கள். அப்படி மறைக்கும் சரக்கு சந்தையில் உண்டு என்பது உண்மை. மேலே சொன்ன சோதனையின் நோக்கமே அதைக் கண்டுபிடிப்பதுதான். ஆனால் இரவு முழுக்கப் பூவோடு வைத்து, சலித்து, உலர்த்தி, மறுபடி தொடங்கும் உழைப்பை மட்டமான இலைக்காக யாரும் செலவிட மாட்டார்கள். வாசனை சேர்ப்பது ஏமாற்றும் ஆகலாம், கலையும் ஆகலாம். எது என்பதைக் கோப்பை சொல்லிவிடும். பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிப்பது நமக்குப் பழக்கமில்லையே என்பது அடுத்த மறுப்பு. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் டீ மென்மையாகிறது. இலையின் குறையும் அதோடு மறைகிறது. மதிப்பிடும்போது மட்டும் பால் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். இஞ்சி, ஏலக்காய் மணங்கள் பாலின் கொழுப்பில் நன்றாகக் கரைவதால், மசாலா டீயை மட்டும் கடைசியில் பால் சேர்த்தும் ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதே நியாயம். ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது, இதில் முறை எதற்கு என்பது மூன்றாவது. எது பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம்தான். இலையில் சாரம் இருக்கிறதா, மணம் ஆறிய பிறகும் நிற்கிறதா என்பவை இரண்டு பேர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய விஷயங்கள்.

ஐந்தாம் படி: நான்கு வரி எழுதுங்கள்

நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அடுத்த மாதம் படிக்கும்போது ஒன்றும் விளங்காது. மூக்கை மூடியபோது, திறந்தபோது, ஆறியபோது, இரண்டாம் நீரில் என்று நான்கு வரி போதும். சொற்களை நம் புழக்கத்திலிருந்தே எடுங்கள்: அரும்பிய மல்லியா, வாடிய மல்லியா, நாரத்தை இலையா, எலுமிச்சைத் தோலா, விறகடுப்பா, சாம்பிராணியா. நான்கு வரியிலும் இலையும் மணமும் இருந்தால் விலை கூடுதலானாலும் அதை வாங்கலாம். மணம் மட்டும் இருந்து இலை இல்லாவிட்டால், அதே பணத்துக்கு வாசனை சேர்க்காத நல்ல நீலகிரி இலை வாங்கி, அதில் நீங்களே ஏலக்காய் தட்டிப் போடுவது மேல்.