நாசிக்கில் ஒயின் ருசிக்க: கங்காபூர் பக்கமா, இகத்புரி பக்கமா?

நாசிக் போகிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் கேட்பது, "எந்த ஒயினரி நல்லா இருக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது திசையை. ஒயினரிகள் ஊருக்குள் கிடையாது. மேற்கே கங்காபூர் அணையை ஒட்டி சுலா, யார்க், சோமா. மும்பை நெடுஞ்சாலைப் பக்கம், இகத்புரி வட்டாரத்தில் வலோனே, குரோவர் ஜம்பா. ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஓடினால் பாதிப் பொழுது காரிலேயே கழியும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதிலும் இரண்டு இடம் போதும்.

மும்பையிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு இகத்புரி வழியிலேயே இருக்கிறது; நாசிக்குக்குச் சுமார் 45 கி.மீ. முன்னால். நாசிக் ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஊருக்குள் தங்குகிறவர்களுக்கு கங்காபூர்தான் வசதி. திரியம்பகேஸ்வரர் தரிசனமும் உண்டென்றால் காலையில் கோயிலை முடித்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பிவிடலாம்.

சுலாவைப் பற்றி ஒயின் தெரிந்தவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை நிறுவிய ராஜீவ் சமந்த் அமெரிக்க வேலையை விட்டுவிட்டு வந்து 1990களில் குடும்ப நிலத்தில் திராட்சை நட்டார். 2000இல் முதல் ஒயின் வந்தது. மற்றவர்கள் நாசிக்கை நம்பி இறங்கியது அதற்குப் பிறகுதான். பெரிய தொட்டிகள், பாட்டில் நிரப்பும் வரிசை எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் சனி, ஞாயிறில் மும்பைக் கூட்டம் மொத்தமாக வந்து இறங்கும். நண்பர் பட்டாளத்தோடு போனால் அதுவும் கொண்டாட்டம்தான். ஒயினைப் பற்றி நாலு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பவர் வார நாளில் போகட்டும்.

பக்கத்திலேயே இருக்கும் யார்க்கை 2021இல் சுலாவே வாங்கிவிட்டது. ஆனாலும் அது சின்ன இடம், எதிரே நீர்த்தேக்கம். ஊற்றித் தருகிறவருக்கு நம் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும். செனின் பிளாங்க் திராட்சையில் செய்யும் அவர்களுடைய ஸ்பார்க்கிளிங் ஒயினைக் கேட்டு வாங்குங்கள். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விட்டு நுரை உண்டாக்குகிற பழைய முறை. முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை: காலையில் சுலாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மதியம் நன்றாகச் சாப்பிட்டு, மாலையில் யார்க்கில் உட்கார்ந்து ருசிப்பது.

இகத்புரிப் பக்கம் அமைதியை விரும்புகிறவர்களுக்கு. வலோனே சிறிய தோட்டம், முக்னே அணை நீர் கண்ணுக்கு எதிரே. முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போவது நல்லது. கணவன் மனைவியாக ஓர் இரவு தங்க நினைத்தால் நான் கையைக் காட்டுவது இதைத்தான்.

மாதமும் முக்கியம். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் அறுவடை இங்கே ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மழையில் பழம் அழுகிவிடும் என்பதால் ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்கிற சமயத்தில் இன்னொரு கவாத்து என்று கொடியைப் பழக்கியிருக்கிறார்கள். பிப்ரவரியில் போனால் குலை கொடியில் தொங்கும், ஆலைக்குள் நொதிக்கிற புளிப்பு வாசம் மூக்கில் ஏறும். திராட்சையைக் காலால் மிதிக்க விடுவதும் அப்போதுதான். அது வெறும் விளையாட்டு, நிஜத்தில் நசுக்குவது இயந்திரம். ஜூலை, ஆகஸ்டில் மலையெல்லாம் பச்சை, அருவி, மூடுபனி. கொடியில் ஒரு பழம் இருக்காது. இயற்கைக் காட்சிக்காக என்றால் அந்த மாதங்களில் இகத்புரி. ஜனவரி 26 மதுவிலக்கு நாள், அந்த நீண்ட வாரயிறுதியில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தேர்தல் தேதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ருசிபார்க்கும் மேசையில் ஐந்தாறு வகை வரும். ஒவ்வொன்றும் 30 மில்லி என்றால்கூட ஆறுக்கு 180 மில்லி ஆகிவிடுகிறது. எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை, துப்புவதற்குப் பாத்திரம் கேட்டால் தருவார்கள். நுரை ஒயின், வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு என்ற வரிசையை மாற்ற வேண்டாம். சிவப்பின் துவர்ப்பு நாக்கில் ஏறிவிட்டால் பிறகு வெள்ளையில் ஒன்றும் தெரியாது. சாவிக்னான் பிளாங்கில் குடைமிளகாயை நறுக்கியது போன்ற பச்சை வாசம் வருகிறதா, ஷிராஸில் மிளகு தட்டுகிறதா என்று மோந்து பாருங்கள். மார்ச் வெயிலில் சிவப்பு ஒயின் வெதுவெதுப்பாக வந்தால் பத்து நிமிடம் ஐஸில் வைத்துத் தரச் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம். நாசிக்கின் மிசல் பாவ் பிரமாதம். ஆனால் அந்தக் காரக் குழம்போடு காலையில் ஆரம்பித்தால் அன்றைக்கு நாக்கு உதவாது. மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை டிரைவரோடு நாள் வாடகைக்கு எடுங்கள். ஆப் டாக்ஸியில் போய்ச் சேர்ந்துவிடலாம், இருட்டிய பிறகு திரும்பக் கிடைப்பது சந்தேகம். பாட்டில் வாங்கினால், நம் ஊர்க் கடையில் கிடைக்காததை வாங்குங்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு எத்தனை பாட்டில் கொண்டுபோகலாம் என்பதற்குத் தனித்தனி விதி உண்டு. பணம் கட்டும் முன் அதை விசாரித்துக்கொண்டு, பில்லைப் பெட்டியிலேயே வையுங்கள்.