கச்சேரிப் படத்துக்குக் கண்ணாடி தேவையா?

இப்போதெல்லாம் ஒரே கச்சேரிப் படம் பல வடிவங்களில் கிடைக்கிறது. ராட்சதத் திரையில் 3டி, அதே திரையில் கண்ணாடி இல்லாமல், மால் தியேட்டரின் நடுத்தரத் திரையில் 3டி, சில மாதம் பொறுத்தால் வீட்டுத் தொலைக்காட்சி. டிக்கெட் விலை ஏறக்குறைய இதே வரிசையில் இறங்குகிறது. அதனால் தரமும் இதே வரிசையில்தான் இறங்கும் என்று நாமாகவே முடிவுகட்டி விடுகிறோம். கச்சேரிப் படத்தைப் பொறுத்தவரை அந்த முடிவு பெரும்பாலும் தவறு. ராட்சதத் திரை 3டியில் பார்த்தே ஆகவேண்டிய படங்கள் சில உண்டு. கண்ணாடியைத் தொடாமலே பார்க்கவேண்டிய படங்கள் அவற்றைவிட அதிகம். எந்தப் படம் எந்த வகை என்பது கேமராவை எங்கே வைத்தார்கள், எவ்வளவு வேகமாக வெட்டித் தொகுத்தார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

இதற்கு 2008-ஆம் ஆண்டைவிட நல்ல சான்று கிடைக்காது. அந்த ஓராண்டில் இரண்டு பெரிய ராக் குழுக்களின் கச்சேரிகள் ஐமேக்ஸ் என்ற ராட்சதத் திரைக்கு வந்தன. ஒன்று, அயர்லாந்தின் யூ2 குழு 2006-இல் நடத்திய விளையாட்டரங்க நிகழ்ச்சிகளிலிருந்து, பெரும்பகுதி லத்தீன் அமெரிக்க நகரங்களில் எடுக்கப்பட்டு, கேத்தரின் ஓவன்ஸும் மார்க் பெலிங்டனும் இயக்கிய ‘யூ2 3டி’. மற்றது, அதே 2006-இல் நியூயார்க்கின் பீக்கன் தியேட்டரில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடியதை மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கிய ‘ஷைன் எ லைட்’. இதில் 3டி கிடையாது. ஸ்கார்செசி முகங்களை நம்பினார். மேடையைச் சுற்றிப் பல கேமராக்களை நிறுத்தி, மிக் ஜாகரின் உதட்டிலிருந்து கீத் ரிச்சர்ட்ஸின் விரலுக்கும், அங்கிருந்து சார்லி வாட்ஸின் முகத்துக்கும் தாவித் தாவி வெட்டினார். அரங்கம் சிறியது, முகங்கள் சுருக்கம் விழுந்தவை, திரையோ ஐந்தாறு மாடி உயரம். அந்தப் பொருத்தமே படத்தின் பலம். ஓவன்ஸும் பெலிங்டனும் செய்தது நேரெதிர். ஷாட்டை நீளமாக ஓடவிட்டார்கள். ஒன்றை வெட்டி இன்னொன்றை ஒட்டுவதற்குப் பதிலாக, பல இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையவிட்டார்கள். டிரம்ஸ் ஓர் ஆழத்தில், பாடகர் இன்னோர் ஆழத்தில், கூட்டம் வேறோர் ஆழத்தில் என்று பிம்பங்கள் அடுக்கடுக்காக நிற்கும். ஒன்றின் பாணியை மற்றதற்கு மாற்றிப் போட்டிருந்தால் இரண்டுமே கெட்டிருக்கும்.

காரணம் கண் வேலை செய்யும் விதம். நிஜ உலகில் ஒரு பொருளைப் பார்க்கும்போது இரு கண்களும் அதை நோக்கித் திரும்பும் கோணமும், விழிவில்லை தெளிவு பிடிக்கும் தூரமும் சேர்ந்தே மாறுகின்றன. 3டி திரையில் இவை பிரிந்துவிடுகின்றன. விழிவில்லை திரையின் தூரத்திலேயே நிற்கிறது. கண்களின் கோணம் மட்டும் திரைக்கு முன்னும் பின்னும் அலைகிறது. நீளமான ஷாட் என்றால் கண் இதற்குப் பழகிக்கொள்ளும். இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு விழுந்து, ஒவ்வொரு வெட்டிலும் பாடகர் வேறொரு தூரத்தில் முளைத்தால், ஆழத்தை மூளை உணர்வதற்குள் அடுத்த ஷாட் வந்துவிடும். மிஞ்சுவது தலைவலி. தாளத்துக்கு வெட்டுவது இசைப் படத் தொகுப்பாளர்களுக்குக் கையில் ஊறிய பழக்கம் என்பதால், சண்டைப் படத்தைவிடக் கச்சேரிப் படத்தில் இந்த ஆபத்து கூடுதல். எனவே முதல் சோதனை, தொகுப்பின் வேகம். முன்னோட்டத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம்; எந்தப் படத்தின் முன்னோட்டமும் வேகமாகத்தான் இருக்கும். படத்திலிருந்து ஒரு முழுப் பாட்டை வெளியிட்டிருந்தால் அதைப் பாருங்கள். ஒரே ஷாட்டில் பாடகர் ஒரு வரியையாவது பாடி முடிக்கிறாரா என்று கவனித்தால் போதும்.

இரண்டாவது சோதனை, 3டியிலேயே எடுத்தார்களா, எடுத்த பிறகு மாற்றினார்களா என்பது. சாதாரணப் படத்தைக் கணினியில் 3டியாக மாற்றும்போது ஒவ்வொரு உருவத்தையும் விளிம்பு பிரித்து வெட்டியெடுத்து ஆழம் கொடுக்க வேண்டும். மேடைப் புகை, அதை ஊடுருவும் ஒளிக்கற்றை, பறக்கும் தலைமுடி, மினுங்கும் சிம்பல் தட்டு ஆகியவற்றுக்குத் தெளிவான விளிம்பே கிடையாது. கச்சேரி மேடையிலோ இவைதான் பாதி. மாற்றப்பட்ட 3டி என்று தெரிந்தால் கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது 3டிக்கு ராட்சதத் திரைதான் வேண்டுமா, சாதாரணத் திரை போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. திரைக்கு முன்னால் மிதப்பதுபோல் தோன்றும் ஒரு கிட்டாரின் கழுத்தைத் திரையின் பக்க விளிம்பு வெட்டினால் மூளை குழம்புகிறது. முன்னால் இருக்கும் பொருளைப் பின்னால் இருக்கும் சட்டகம் எப்படி மறைக்க முடியும்? அந்தக் கணத்தில் ஆழம் இடிந்து விழும். சிறிய திரையில் விளிம்பு எப்போதும் கண்ணில் படுவதால் இது அடிக்கடி நடக்கும். ராட்சதத் திரையில் சரியான இருக்கையில் அமர்ந்தால் விளிம்பு பார்வையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது; மூளை அதைக் கண்டுகொள்வதில்லை. ரசிகர்களின் உயர்த்திய கைகள் நம் முன்வரிசையிலிருந்தே எழுவதுபோல் தோன்றுவது இதனால்தான். ஆகவே கச்சேரிப் படத்தில் மிக மோசமான தேர்வு சிறிய திரை 3டி. ராட்சதத் திரை கிடைக்காவிட்டால் 3டியை விட்டுவிட்டு, உள்ளதில் நல்ல ஒலியுள்ள தியேட்டரில் சாதாரணக் காட்சிக்குப் போவதே மேல். இதற்கு மறுபக்கமும் உண்டு. 3டியின் அளவுகள் திரையோடு சேர்ந்து பெருகும். 1 மீட்டர் அகலத் தொலைக்காட்சியில் அரை சென்டிமீட்டர் விலகி நிற்கும் இரு பிம்பங்கள், 20 மீட்டர் திரையில் 10 சென்டிமீட்டர் விலகும். நம் கண்களுக்கு இடையேயான தூரமோ சராசரியாக 6.3 சென்டிமீட்டர்தான். பின்னணியில் விலகல் அதைத் தாண்டினால் கண்கள் வெளிப்பக்கமாக விரிய வேண்டும். மனிதக் கண் அதற்குப் படைக்கப்படவில்லை. அதனால் ராட்சதத் திரையை மனத்தில் வைத்தே எடுத்த படம் வேறு, சிறு திரைக்கு எடுத்ததை அப்படியே பெரிதாக்கிய படம் வேறு.

3டி வெறும் வித்தைதானே என்பது பழைய ஆட்சேபம். கையை நீட்டுவதும் குச்சியை எறிவதும் மட்டும்தான் 3டி என்றால் அந்த ஆட்சேபம் சரி. ‘யூ2 3டி’யில் பாடகர் போனோ கேமராவை நோக்கிக் கை நீட்டும் இடம் இருக்கிறது, அதைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வதும் அதைத்தான். ஆனால் அந்தப் படத்தின் பேறு அங்கே இல்லை. ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ், நடன அமைப்பாளர் பினா பௌஷின் படைப்புகளைப் படமாக்க வேண்டுமென்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எண்ணியும் வழி தெரியாமல் நின்றிருந்தார். உடல்கள் இடத்தை நிரப்பும் விதத்தைத் தட்டையான திரை பிடிக்கவில்லை என்பது அவர் சிக்கல். 2007-இல் கான் திரைப்பட விழாவில் யூ2 படத்தைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டதாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 2011-இல் வந்த ‘பினா’ அதன் விளைவு. வெண்டர்ஸ் கண்டது மேடையில் மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை. நான்கு பேர் ஒருவருக்கொருவர் எவ்வளவு தள்ளி நின்று வாசிக்கிறார்கள், யார் யாரை நோக்கி நகர்கிறார்கள் என்பது கச்சேரியில் பாதிச் செய்தி. தட்டைத் திரை அதைச் சுருக்கிவிடுகிறது. நல்ல 3டி அதைத் திருப்பித் தருகிறது.

நேரில் இருப்பதுபோல் இருக்கும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். விளையாட்டரங்கின் மேல்வரிசையில் எழுபது மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்குப் பாடகர் நேரிலும் ஏறக்குறையத் தட்டையாகவே தெரிவார். இரு கண்களால் ஆழம் உணரும் திறன், தூரம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். அந்தத் தூரத்திலும் ஆழம் காட்ட வேண்டுமென்று இரு கேமராக்களையும் அகற்றி வைத்தால், மேடை கொலுப்படி போலக் குறுகிவிடும். பாடகர் அதில் ஒரு பொம்மை. 3டி உண்மையில் வெல்வது சில மீட்டர் தூரத்தில்தான். கேமரா மேடைமேல் ஏறி நிற்கும் படமா, அரங்கத்தின் பின்சுவரிலிருந்து பார்க்கும் படமா என்று கேளுங்கள். 2013-இல் வந்த மெட்டாலிக்கா குழுவின் ‘த்ரூ தி நெவர்’ இதில் சரியாகவே தொடங்கியது. மேடை அரங்கின் நடுவில், கூட்டம் நாற்புறமும். ஆழத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நடுநடுவே மேடையை விட்டு ஒரு கற்பனைக் கதைக்கு ஓடிவிடுகிறார்கள். மேடைக்காகப் போகிறவர் கதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வலுவான ஆட்சேபம் இருட்டு. சாதாரணக் காட்சிக்குத் திரையின் ஒளி அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் என்பது வரையறை. கண்ணாடி ஒளியைத் தின்றுவிடுவதால் 3டிக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பல தியேட்டர்களில் கிடைப்பதில்லை. கச்சேரி மேடையோ முன்பே இருண்டது. கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளை ஒளிவட்டம் என்றால், ஒரு கண்ணுக்கான பிம்பம் மறு கண்ணுக்குக் கசிந்து பேய்ப்பிம்பமாகத் தெரிவதும் இங்கேதான் அதிகம். இதற்குப் பதில் சமாதானம் சொல்வதில் இல்லை, ப்ரொஜெக்டரில் இருக்கிறது. இரட்டை லேசர் ப்ரொஜெக்டர் உள்ள ராட்சதத் திரையில் ஒளியும் போதுமானது, கசிவும் குறைவு. பழைய செனான் விளக்கு, பழைய கண்ணாடி என்றால் இந்த ஆட்சேபமே வெல்கிறது. சாதாரணக் காட்சிக்குப் போங்கள்.

சாதாரணக் காட்சியை இரண்டாம்பட்சமாக நினைக்கவும் தேவையில்லை. ஐமேக்ஸ் ஃபிலிமில் எடுத்த முதல் கச்சேரிப் படமான ரோலிங் ஸ்டோன்ஸின் ‘லைவ் அட் தி மேக்ஸ்’ 1991-இல் வந்தது. ஒரு சுருள் ஏறத்தாழ 3 நிமிடத்தில் தீர்ந்துபோகும் கேமராவை வைத்துக்கொண்டு, 3டி இல்லாமலே அந்தப் பிரம்மாண்டத்தைக் காட்டினார்கள். ஜொனாதன் டெம்மி இயக்கிய டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ 1984-இல் வந்து, 2023-இல் புதுப்பிக்கப்பட்டு ஐமேக்ஸுக்கு வந்தது. வெற்று மேடையில் தனி ஆளாகத் தொடங்கி ஒவ்வொருவராக வந்து சேரும் அந்தக் கச்சேரியின் இடவெளியை டெம்மி, பொறுமையான ஷாட்டுகளாலும் ரசிகர்களை ஏறக்குறையக் காட்டாமல் விட்டதாலும் நமக்கு உணர்த்திவிட்டார். கச்சேரிப் படங்களில் வசூலில் உச்சம் தொட்ட டெய்லர் ஸ்விஃப்டின் ‘தி ஈராஸ் டூர்’ 2023-இல் உலகெங்கும் 26 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதிலும் 3டி கிடையாது. அதன் 169 நிமிடமும் கண்ணாடியோடு யாரும் ஆடியிருக்க முடியாது என்பதும் உண்மை. ‘யூ2 3டி’ 85 நிமிடத்தில் முடிந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் படத்துக்கு 3டி பொதுவாக வேண்டாம் என்பேன்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கச்சேரிப் படத்தில் காசுக்கு அதிகப் பலன் தருவது அதுதான். ராட்சதத் திரை அரங்குகளின் பேஸ் ஒலி நெஞ்சில் இடிக்கும். அதற்காகவே 3டி இல்லாத ஐமேக்ஸ் காட்சியும் கொடுக்கிற காசுக்குத் தகும். வீட்டில் நல்ல ஹெட்ஃபோன் இசையின் நுணுக்கத்தைத் தரும், இடியைத் தராது. வீட்டில் 3டி என்பதோ ஏறக்குறைய முடிந்த கதை. சாம்சங் 2016-இலும், எல்ஜியும் சோனியும் 2017-இலும் 3டி தொலைக்காட்சிகளை நிறுத்திவிட்டன. தலையில் மாட்டும் ஹெட்செட்டுகள் அந்த இடத்துக்கு வருகின்றன. ஆப்பிள் 2025-இல் மெட்டாலிக்காவின் கச்சேரி ஒன்றை அப்படி வெளியிட்டது. ஆழம் அதில் அசலாகவே கிடைக்கும். ஆனால் தனியாக அமர்ந்து பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே இருக்கும் சுகத்துக்காகக் கச்சேரிப் படம் பார்ப்பவருக்கு அது பாதி அனுபவம்.

இருக்கை விஷயத்தில் 3டிக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. முன்வரிசையில் ஆழம் நசுங்கும், கடைசி வரிசையில் அளவுக்கு மீறி நீளும், ஓர இருக்கையில் பாடகர் சாய்ந்து நிற்பார். அரங்கின் நீளத்தில் பாதிக்குச் சற்றுப் பின்னால், திரைக்கு நேர் நடுவில் கிடைத்தால் எடுங்கள். அது நிறைந்துவிட்டால் அடுத்த நாளுக்குப் போங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும்: சில வகைக் கண்ணாடிகளில் தலை சாய்ந்தாலே பிம்பம் இரட்டிக்கும். கண்ணாடியில்லாத காட்சிக்கு இந்தக் கட்டுப்பாடுகள் பாதிகூட இல்லை. இரண்டு மூன்று வரிசை முன்னால் தள்ளியே உட்காரலாம்.

ஆக, 3டியிலேயே எடுக்கப்பட்டு, ஷாட்டுகள் நிதானமாக ஓடி, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் கச்சேரிப் படம், லேசர் ப்ரொஜெக்டர் உள்ள ராட்சதத் திரையில் ஓடி, நடு இருக்கையும் கிடைத்தால் கண்ணாடிக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் அதே அரங்கின் சாதாரணக் காட்சிக்கு டிக்கெட் எடுங்கள்.