டிக்டாக் காணொளிக்கு ஷோ காஸ் கடிதம்: வேலை போய்விடுமா?

கேள்வி: பத்து காவான் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணு ஆலையில் ஆறு ஆண்டுகளாக ஆபரேட்டராக இருக்கிறேன். இரவு ஷிப்ட் ஓய்வு நேரத்தில் தோழியின் பிறந்தநாளை லைன் ஓரத்திலேயே காணொளி எடுத்து டிக்டாக்கில் போட்டேன். பின்னால் இருந்த வெள்ளைப்பலகையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரும் உற்பத்தி எண்ணிக்கையும் தெரிகின்றனவாம். இப்போது ஷோ காஸ் கடிதம் வந்திருக்கிறது. “நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, பேர் கெடாது” என்கிறார் சூப்பர்வைசர். ஓய்வு நேரம் என்னுடையது, கைப்பேசி என்னுடையது, கணக்கும் என்னுடையது. இதில் குற்றம் எங்கே, ஐயா?
– வாசகி, பத்து காவான்

பதில்: சகோதரி, முதலில் அந்த ராஜினாமாவை எழுதாதீர்கள். நீங்களாக விலகினால் அது வேலைநீக்கம் ஆகாது. கட்டாயப்படுத்தினார்கள் என்று பிறகு நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

ஓய்வு நேரம் உங்களுடையதுதான். ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அந்த நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து டிக்டாக் பார்த்ததற்குக் கடிதம் வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் விஷயத்தில் சிக்கல் இடத்தால் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக உற்பத்தி செய்யும் ஆலையில், யாருக்கு எவ்வளவு போகிறது என்பதே வியாபார ரகசியம். லைனுக்குள் கைப்பேசிக்குப் பல ஆலைகள் தடை போடுவதும் இதனால்தான். கணக்கைப் பூட்டி வைத்திருந்தாலும் காப்பாற்றாது; நண்பர் ஒருவர் எடுக்கும் ஸ்க்ரீன்ஷாட் போதும்.

அதற்காக உடனே வேலை போய்விடாது. அதே சட்டத்தின் 14ஆவது பிரிவுப்படி, முறையாக விசாரித்த பிறகே முதலாளி தண்டிக்கலாம். வேலைநீக்கம், பதவி இறக்கம், அதைவிடச் சிறிய தண்டனை என மூன்று படிகள் அதில் உண்டு. சம்பளமில்லா இடைநீக்கம் என்றால் இரண்டு வாரத்தைத் தாண்டக்கூடாது. விசாரணைக்காக வீட்டில் இருக்கச் சொன்னால் ஒரு வாரம்தான் வரம்பு; அப்போது பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றமில்லை என்று முடிந்தால் மீதியையும் கொடுத்தாக வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை. காணொளியை நீக்குங்கள், ஒரு பிரதியும் பதிவிட்ட தேதியும் உங்களிடம் இருக்கட்டும். கடிதத்துக்குக் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அவகாசம் போதாவிட்டால் அதையும் எழுத்தில் கேளுங்கள். நடந்ததை ஒளிக்காதீர்கள்: பலகையைக் கவனிக்கவில்லை, சொன்னதும் நீக்கினேன், ஆறு ஆண்டில் இதற்குமுன் எச்சரிக்கைக் கடிதம் வந்ததில்லை என்பவை உண்மையானால் எழுதுங்கள். கைப்பேசித் தடை பற்றி உங்களுக்கு எப்போது, எப்படிச் சொல்லப்பட்டது என்பதும் முக்கியம். கையெழுத்திட்ட விதிமுறைப் புத்தகம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். சங்க உறுப்பினர் என்றால் உள்விசாரணைக்கு முன்பே சங்கத்திடம் சொல்லுங்கள்.

இதற்கிடையே புலனக் குழுவிலோ முகநூலிலோ சூப்பர்வைசரைத் திட்டி எழுதாதீர்கள். உங்கள் பெயரில் வருவதை நீங்களே வெளியிட்டதாகத்தான், மாறாக நிரூபிக்கும்வரை, சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு எடுத்துக்கொள்ளும்.

அப்படியும் வேலைநீக்கம் செய்தால், 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுங்கள். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு தரும் உரிமை இது. வழக்கு தொழில் நீதிமன்றம்வரை போனால், தவறு நடந்ததா என்பதோடு, அந்தத் தவறுக்கு வேலையையே பறிப்பது நியாயமா என்றும் பார்ப்பார்கள். சூப்பர்வைசர் கேட்ட ராஜினாமாவை எழுதிக் கொடுத்தால், அந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாமல் நீங்களே தடுத்ததாகிவிடும்.