மிதித்தால் வரும் சத்தம்: பழைய எஞ்சினைப் பிரிக்காமல் சோதிப்பது எப்படி?



பழைய கார் ஒன்று ஷெட்டுக்கு வருகிறது. கொண்டு வந்தவர் சொல்வது ஒரே வரிதான்: "மிதிச்சா சத்தம் வருதுப்பா." பக்கத்தில் நிற்கும் யாராவது உடனே "ராடு அடிக்குது, எஞ்சினை இறக்கணும்" என்பார். இறக்கினால் ரீபோர், பேரிங், கிராங்க் கிரைண்டிங் என்று அந்த மனிதருடைய பல மாதச் சம்பளம் போய்விடும். ஆனால் சைலன்சர் பக்கம் ஒரு கேஸ்கெட் கிழிந்திருந்தாலும் மிதிக்கும்போது சத்தம் வரும். டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் திரும்பியிருந்தாலும் வரும். அது மணிக்கணக்கு வேலை, இது நிமிஷ வேலை. உண்மையிலேயே ராடு அடிக்கும்போது "சும்மா டாப்பெட்தான்" என்று அனுப்பி வைத்தால், ஒரு நாள் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஆகவே எஞ்சினில் கை வைக்கும் முன் காதால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். ஏனென்றால் அதை வைத்திருப்பவர் மெதுவாக ஓட்டமாட்டார். தர்மபுரியில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே போவது என்று சிரிக்க வேண்டாம். 1955-ல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது பி.எம்.சி. கம்பெனியின் 'பி' வரிசை எஞ்சின், 1489 சி.சி. அதே வரிசையைச் சேர்ந்த அதே 1489 சி.சி. எஞ்சின்தான் நம்ம அம்பாசிடரிலும் பல ஆண்டுகள் ஓடியது. போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 89 மி.மீ. இரண்டுக்கும் ஒன்றே. எம்.ஜி.ஏ.வில் இரட்டைக் கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனாலும் வண்டிகள் இன்னும் இருக்கின்றன. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால், ஒரு பந்தயக் காரின் தம்பியைப் பார்க்கலாம்!

முதலில், மிதித்தால் மட்டும் ஏன் சத்தம்? ஆக்சிலேட்டரை லேசாக வைத்திருக்கும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, வெடிப்பின் அழுத்தமும் குறைவு. முழுதாக மிதித்தால் சிலிண்டர் நிறைகிறது, பிஸ்டன் தலையில் விழும் அடி பல மடங்காகிறது. தேய்ந்த பேரிங்கில் ஆயில் படலம் அந்த அடியைத் தாங்காது. இரும்பு இரும்பைத் தொடுகிறது. எனவே வேகம் வேறு, லோடு வேறு என்பதை மனதில் வைக்க வேண்டும். நியூட்ரலில் வைத்து 'வ்ரூம் வ்ரூம்' என்று ஏற்றினால் ஆர்.பி.எம். தான் ஏறும், லோடு ஏறாது. ஷெட்டில் நல்ல பிள்ளையாக இருந்த வண்டி, சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் கத்துவது இதனால்தான். (அதற்காகக் கணவாயிலேயே சோதனை செய்யப் போகாதீர்கள். அங்கே லாரிகள் படும் பாடு போதும். ஊருக்கு வெளியே ஆளில்லாத சின்ன மேடு போதும்.)

மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்து ஒருமுறை கேளுங்கள். பிறகு நியூட்ரலில் அதே ஆர்.பி.எம்.மில் கேளுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் அது வேகத்தோடு போகும் சத்தம்: டாப்பெட், டைமிங் செயின், வாட்டர் பம்ப் பக்கம் பாருங்கள். மேட்டில் மட்டும் என்றால் லோடோடு போகும் சத்தம். அதில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கினதுபோல் கலகலவென்று வருவது. இதற்குப் பெயர் பிங்கிங். பிளக்கில் பற்றிய தீ பரவி வருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே பற்றிக்கொள்கிறது. டைமிங் அதிகமாக முந்தியிருப்பது, பிஸ்டன் தலையில் கரி, எஞ்சின் சூடு, எஞ்சினுக்குப் போதாத ஆக்டேன், இவைதான் காரணம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் அட்வான்ஸ் சீக்கிரம் வந்துவிடும். ஐட்லிங்கில் டைமிங் சரியாகக் காட்டும், ஓட்டத்தில் தப்பாகும். பலர் ஏமாறும் இடம் இதுதான். டைமிங்கை இரண்டு டிகிரி பின்னால் வைத்து மறுபடி மேடேறுங்கள். சத்தம் அடியோடு போய்விட்டால் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, 'டிக் டிக்' என்று டாப்பெட் போலவே கேட்டு, மிதித்தால் உரக்க வருவது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஊதினால் இப்படித்தான் இருக்கும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் அதிகம், சூடேறி இரும்பு விரிந்ததும் குறையும். ஒரு முழ ரப்பர் ஹோஸின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்தினால் இடம் அகப்பட்டுவிடும். ஃபேன் பக்கம் ஹோஸ் போகாமல் பார்த்துக்கொள்ளவும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. கனமான 'டொக் டொக்'. பிக் எண்ட் பேரிங் என்றால் மிதிக்கும்போதும் வரும், சட்டென்று காலை எடுக்கும்போது கடகடவென்றும் வரும். மெயின் பேரிங் என்றால் இன்னும் அடித்தொண்டைச் சத்தம், தரையே அதிர்வதுபோல். அம்பாசிடர், எம்.ஜி.ஏ. இரண்டிலும் கிராங்க்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். பின்னால் வந்த எம்.ஜி.பி. காரில் 1964-ல் இதை ஐந்தாக்கினார்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, சத்தம் லேசாகவாவது கேட்கும் வேகத்தில் எஞ்சினை நிறுத்தி, பிளக் ஒவ்வொன்றையும் ஷார்ட் செய்ய வேண்டும். நல்ல பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்குரூ டிரைவரின் தண்டை சிலிண்டர் ஹெட்டில் தொட வைத்து, நுனியைப் பிளக் தலையில் சாயுங்கள். இது பாயிண்ட் வைத்த பழைய இக்னிஷனுக்கு மட்டும். எலக்ட்ரானிக் இக்னிஷனில் செய்தால் மாட்யூல் போய்விடும். ஷார்ட் செய்ததும் அந்த சிலிண்டரில் வெடிப்பு இல்லை, அடியும் இல்லை. சத்தம் அமுங்கினால் அந்த ராடுதான். எதை ஷார்ட் செய்தாலும் பெரிதாக மாறவில்லை என்றால் மெயின் பேரிங் மேல் சந்தேகம் வரும். எஞ்சின் சூடான பிறகு ஆயில் பிரஷரும் கீழே இருந்தால் அதற்கு மேல் வண்டியை ஓட்டவே கூடாது, கட்டி இழுத்துத்தான் வர வேண்டும்.

பிஸ்டன் ஸ்லாப் பற்றி ஒரே வரி: குளிரில் கத்தி, சூட்டில் அடங்கினால் அவசரமில்லை.

டாப்பெட்டைப் பார்ப்போம். கேம் ஷாஃப்ட் கிராங்கில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 800 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் ஒரு வால்வு வினாடிக்கு ஏழு தடவைக்குள்தான் தட்டும். கிராங்க்கோடு சுற்றும் சத்தம் வினாடிக்குப் பதின்மூன்று. கொஞ்சம் பழகினால் இந்த வித்தியாசத்தைக் காதே சொல்லும். அட்ஜஸ்ட் செய்ய ஒன்பது கணக்கு உண்டு. 8-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், 7 திறந்திருந்தால் 2-ஐ, இப்படியே கூட்டினால் ஒன்பது.

ஆனால் டாப்பெட் சத்தம் கேட்காத வண்டியையும் விட்டுவிடக் கூடாது. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, பிங்கிங்கைத் தடுக்க பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று கண்டார். அந்த ஈயம் வால்வு சீட்டில் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தையும் குறைத்தது. உடம்புக்கு விஷம் என்பதால் 2000 பிப்ரவரி 1 முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். நல்ல முடிவுதான், ஆனால் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் தொடர்ந்து விரட்டி ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி குறையும், சத்தமும் குறையும். சொந்தக்காரர் சந்தோஷப்படுவார். கடைசியில் வால்வு சரியாக மூடாமல் கருகிவிடும். அதனால் ஸ்போர்ட்ஸ் காரோ அம்பாசிடரோ, பிக்கப் குறைந்து எஞ்சின் வழக்கத்தை விட அமைதியாக இருக்கிறது என்றால், முதலில் ஃபீலர் கேஜை எடுத்து எக்ஸாஸ்ட் வால்வு நான்கையும் அளந்து பாருங்கள்.