எடைக்கு ஏற்ற இருசக்கர வண்டி: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

இருசக்கர வண்டிக் கடனுக்கான விண்ணப்பத்தில் வருமானம் கேட்கிறோம், முகவரி கேட்கிறோம், பான் எண், ஏற்கெனவே உள்ள கடன்கள், மாதச் செலவு அனைத்தையும் கேட்கிறோம். வண்டி யாரைச் சுமக்கப் போகிறது, அவருடைய எடை என்ன என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி விடுபட்டதன் விளைவை டில்லி லோதி ரோட்டிலுள்ள எங்கள் கிளையில் ஒரு வாடிக்கையாளர் வழியாக உணர்ந்தோம்.

அவர் சிஜிஓ வளாகத்தில் பணிபுரிபவர், வீடு ஆர்.கே.புரத்தில். நாள்தோறும் காலையில் மனைவியைப் பின்னிருக்கையில் அமர்த்தி, ஐஎன்ஏ மெட்ரோ நிலையத்தில் இறக்கிவிட்டு, லோதி ரோட்டுக்கு வருவார். மைலேஜ் நன்றாக இருக்கும், தவணையும் குறைவு என்பதற்காக 100 சிசி வண்டி ஒன்றை வாங்கினார். 70,000 ரூபாய்க் கடனை நாங்களே வழங்கினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் வந்தார். பின்புற ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் வண்டி அடியில் இடிக்கிறது. மனைவியும் உடன் வரும்போது பிரேக் பிடித்தால் எதிர்பார்த்த இடத்தில் நிற்பதில்லை என்றார். பழைய வண்டியை விற்றுவிட்டுப் பெரிய வண்டி வாங்கப் புதுக்கடன் கேட்டார். வண்டியில் குறையிருக்குமோ என்று ஐயுற்றுப் பழுதுநீக்குவோரிடமும் காட்டியிருந்தார். குறை வண்டியில் இல்லை, கணக்கில் இருந்தது.

முதற்பாடம்: சுமைத்திறன்

ஒவ்வொரு வண்டியின் கையேட்டிலும் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று, எரிபொருளும் எண்ணெயும் நிரப்பிய நிலையில் வண்டியின் சொந்த எடை. மற்றொன்று, ஆட்களும் பொருள்களும் சேர்ந்து அது தாங்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே சுமைத்திறன். 100 சிசி வகை வண்டிகள் பலவற்றில் இது 130 கிலோகிராம் அளவில் உள்ளது. தலா 65 கிலோ எடையுள்ள இருவருக்கு அது சரியாகப் போதும். அதற்குமேல் ஒரு கைப்பைக்கும் இடமில்லை.

எங்கள் வாடிக்கையாளரின் கணக்கு இது: அவர் எடை 96 கிலோ, மனைவியின் எடை 58, இரண்டு தலைக்கவசங்கள், அலுவலகப் பை, உணவுப் பாத்திரம் ஆகியவை 6. மொத்தம் 160 கிலோ. வண்டியின் சுமைத்திறன் 130. நாள்தோறும் 30 கிலோ மிகைச் சுமையுடன் அவ்வண்டி ஓடியிருக்கிறது. அவர் தனியாக ஓட்டியிருந்தால் அதே வண்டி தாராளமாகப் போதுமானதாய் இருந்திருக்கும்.

சிசி கூடினால் சுமைத்திறனும் தானாகவே கூடிவிடும் என்று எண்ணலாகாது. பெரிய எஞ்சின் கொண்ட வண்டியின் சொந்த எடையும் பெரிது. ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் கையேட்டைப் பார்த்துக் கழித்தறிவதே முறை.

இரண்டாம் பாடம்: நிற்கும் திறன்

ஓட்டுநர் தம் எடையைக் கருதும்போது எஞ்சின் இழுக்குமா என்றுதான் முதலில் கேட்கிறார். நிற்குமா என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும். 112 கிலோ எடையுள்ள வண்டியில் 75 கிலோ எடையுள்ளவர் தனியே சென்றால் மொத்தம் 187 கிலோ. அதே வண்டியில் 160 கிலோ ஏறினால் 272. அதே வேகத்தில் அதே பிரேக்கின் அழுத்தத்தில் நிறுத்த வேண்டுமானால், ஏறத்தாழ ஒன்றரை மடங்குத் தொலைவு தேவைப்படும். முன்னே செல்லும் பேருந்து திடீரென நிற்கையில் அந்த அரை மடங்கே விபத்துக்கும் தப்புதலுக்கும் உள்ள இடைவெளி.

எனவே எடை மிகுந்தோர் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியையே தேர்ந்தெடுப்பது நலம். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. 125 சிசி வரையுள்ளவற்றில் இரு சக்கரங்களையும் சேர்த்து நிறுத்தும் சிபிஎஸ் முறையேனும் இருக்க வேண்டும் என்றும் அப்போது விதிக்கப்பட்டது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதைத் தடுக்கிறது. எடையைக் குறைப்பதில்லை என்பதை நினைவில் கொள்க.

மூன்றாம் பாடம்: டயரும் சுருள்வில்லும்

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப்பின் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 42 என்றால் 150 கிலோ. 47 என்றால் 175. 52 என்றால் 200. பின்னிருக்கையில் ஒருவர் அமரும்போது சுமையின் பெரும்பங்கு பின்சக்கரத்தின்மேல் விழுவதால், பின்புற டயரின் எண்ணைத் தவறாமல் பார்க்க வேண்டும். டயர் மாற்றும்போது விலை குறைவென்று குறைந்த எண்ணுள்ளதை வாங்கலாகாது.

காற்றழுத்தமும் அத்தகையதே. தனியே செல்வதற்கு ஓர் அளவும், இருவர் செல்வதற்கு வேறோர் அளவும் கையேட்டில் தரப்பட்டிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் காற்று நிரப்புபவர் கேட்கமாட்டார். நாமே சொல்ல வேண்டும்.

பின்புறச் சுருள்வில்லை இறுக்கும் படிகள் பெரும்பாலான வண்டிகளில் உண்டு. வாங்கும் நாளிலேயே நம் எடைக்கேற்ற படியில் அமைத்துத் தருமாறு ஷோரூமில் கேட்டுப் பெறலாம். ஆனால் சுருள்வில்லை இறுக்குவதால் வண்டி தாழ்வது குறையுமேயன்றிச் சுமைத்திறன் கூடாது.

நான்காம் பாடம்: மைலேஜும் இழுவையும்

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 சோதனை முறையில் ஓட்டுநரின் எடை 75 கிலோ எனக் கொள்ளப்படுகிறது. 100 கிலோ எடையுள்ளவர் நகர நெரிசலில் அந்த மைலேஜை எதிர்பார்ப்பது பொருந்தாது. இழுவையைப் பொறுத்தவரை, 100 சிசி வண்டிகளின் முறுக்குவிசை ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர். 125 சிசி வண்டிகள் பலவற்றில் 10 முதல் 11 வரை. மேம்பாலம் ஏறுகையில் அடிக்கடி கியர் குறைக்க வேண்டாதபடி உதவுவது இந்த வேறுபாடே. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்லும் எடை மிகுந்தோருக்கு 125 சிசி வகை பொருத்தமான தொடக்கம் எனலாம்.

ஐந்தாம் பாடம்: பணக்கணக்கு

100 சிசி வண்டிக்கும் 125 சிசி வண்டிக்கும் விலையில் 15,000 ரூபாய் வேறுபாடு என்று கொள்வோம். 10 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களுக்கு அது மாதம் ஏறத்தாழ 484 ரூபாய். நாளொன்றுக்கு 16 ரூபாய். இந்த வேறுபாட்டுக்கு அஞ்சிப் பொருந்தாத வண்டியை வாங்கி இடையில் விற்பவர் இழப்பது அதிகம். எங்கள் வாடிக்கையாளர் 24 தவணைகள் கட்டிய பின்னும் அவர் கடனில் ஏறத்தாழ 25,700 ரூபாய் நிலுவையில் இருந்தது. விற்றுவரும் தொகையில் பெரும்பகுதி அந்நிலுவைக்கே போயிருக்கும்.

வட்டி விகிதத்தைக் கேட்கும்போது, அது குறைந்துவரும் நிலுவையின் மீதா, ஃபிளாட் ரேட் முறையிலா என்றும் கேளுங்கள். 80,000 ரூபாய்க் கடனுக்கு 3 ஆண்டுகளில் 10 விழுக்காடு முதல் முறையில் ஏறத்தாழ 12,900 ரூபாய் வட்டி. இரண்டாம் முறையில் 24,000 ரூபாய். பெயரளவில் இரண்டும் 10 விழுக்காடே.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. தலைக்கவசம், பை உட்பட இருவரின் எடையையும் வீட்டிலேயே கூட்டி எழுதிக்கொள்க. கூச்சம் வேண்டாம்.
2. ஷோரூமில் முதலில் சுமைத்திறனைக் கேளுங்கள். வாய்ச்சொல்லை ஏற்காமல் கையேட்டில் பாருங்கள்.
3. பின்னிருக்கையில் வழக்கமாக அமர்பவரையும் அழைத்துச் செல்லுங்கள். இருவரும் அமர்ந்து, வேகத்தடை மீதும் மேட்டிலும் ஓட்டிப் பாருங்கள். ஆளில்லாத இடத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள்.
4. கூட்டிய எடை சுமைத்திறனைத் தாண்டினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அல்லது பயண முறையை மாற்றுங்கள்.

எங்கள் வாடிக்கையாளர் இரண்டாவது வழியையே மேற்கொண்டார். கிளையில் அமர்ந்து ஒரு தாளில் கணக்கிட்டபோது, 160 கிலோவுக்கு ஏற்ற வண்டி வேண்டுமானால் கடன் இருமடங்காகும் என்பது புலனாயிற்று. ஆர்.கே.புரத்திலேயே மெஜந்தா வழித்தட மெட்ரோ நிலையம் உள்ளது. ஹௌஸ் காஸில் மாறி மஞ்சள் வழித்தடத்தைப் பிடிக்கலாம். மனைவி அவ்வாறு செல்லத் தொடங்கினார். ஷாக் அப்சார்பரையும் பிரேக் பட்டைகளையும் மாற்றிக்கொண்டு அவர் பழைய வண்டியில் தனியே வந்தார். எஞ்சிய 12 தவணைகளையும் கட்டி முடித்தபின் முன்புற டிஸ்க் பிரேக் உள்ள 125 சிசி வண்டிக்கு விண்ணப்பித்தார்.

அன்று ஒரு கடனை நாங்கள் இழந்தோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. இப்போதெல்லாம் வண்டிக் கடன் கேட்டு வருபவரிடம், படிவத்தில் இல்லாத அந்தக் கேள்வியையும் சேர்த்தே கேட்கிறோம்: இந்த வண்டியில் யார் யார் செல்வீர்கள், எல்லோரும் சேர்ந்து எத்தனை கிலோ?