பரிசோதனைக்குப் பிறகு என்ன ஆனது?

அன்புள்ள வாசகிக்கு,

புற்றுநோய்ச் சாவுகளைக் குறைக்க அரசு வைக்கும் இலக்கால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். இதயநோய், புற்றுநோய், சர்க்கரை, நாள்பட்ட மூச்சுநோய் நான்காலும் நேரும் அகால மரணங்களை 2025-க்குள் 25 சதவீதம் குறைப்பதாக 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் புற்றுநோய்க்கென்று யாரிடம் கணக்குக் கேட்பது?

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குத் தெளிவான இலக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது அது. 2030-க்குள் 90 சதவீதச் சிறுமியருக்கு 15 வயதுக்குள் எச்.பி.வி. வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. நம் நிலை? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்.

இதை மாற்ற முடியும் என்று திண்டுக்கல் மாவட்டம் காட்டியிருக்கிறது. 2000-இல் அம்பிளிக்கையை மையமாக வைத்துத் தொடங்கிய ஆய்வில் 31,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று நர்ஸ் பார்ப்பார். அவ்வளவுதான். இந்த வசதி கிடைத்த கிராமங்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு, கிடைக்காத கிராமங்களைவிட 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

நான் முக்கியமாக நினைப்பது அடுத்த கட்டத்தை. அந்த ஆய்வில் திட்டு தெரிந்த பெண்ணிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்று அனுப்பிவிடவில்லை. தகுந்தவர்களுக்கு அந்த இடத்தை உறையவைக்கும் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற நர்ஸே அன்றைக்கே செய்தார். அப்படிச் சீட்டோடு வீடு திரும்புகிறவளுக்கு அன்றாடக் கூலி போகும், பஸ் செலவு, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், வீட்டில் விடவும் வேண்டும். அவள் போகாமலே இருந்துவிட்டாலும் "பரிசோதிக்கப்பட்டவர்" என்ற கணக்கில் சேர்ந்துவிடுகிறாள். எனக்குப் பொறுக்காதது இதுதான்.

ஆகவே அடுத்த கிராம சபையில் எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை பேருக்குத் திட்டு தெரிந்தது, அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்றும் கேளுங்கள். உங்களுக்கு 30 வயது தாண்டியிருந்தால், மாதவிடாய் இல்லாத ஒரு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்