சிற்றுறுப்பின் சிறப்பு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரின் உயர்ச்சியைக் கண்டு வியப்போர் பலர்; அதன் அச்சாணியை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர். எந்திரங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். திரைப்படங்களை வெண்திரையில் காட்டும் படவீழ்த்தி இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், பாரிஸ் மாநகரில் லூமியர் உடன்பிறந்தார் இருவர் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் படங்காட்டினர். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக உலகின் அரங்குகளில் படச்சுருளே ஆட்சி செய்தது. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்முறைக் கருவிகள் தோன்றி அவ்விடத்தைக் கைக்கொண்டன. பழைய பொறிகளை ஆக்கிய தொழிலகங்கள் பலவும் அத்தொழிலைக் கைவிட்டன. அவற்றின் உறுப்புகள் கிடைத்தற்கு அரியவாயின. ஆயினும், சுருள்களில் பதிந்த படங்கள் காப்பகங்களில் இன்றும் உள்ளன. அவற்றைச் சுருளிலிருந்தே திரையிற் காட்ட வேண்டுமாயின், பழைய பொறி ஓட வேண்டும். பொறி ஓட வேண்டுமாயின், தேய்ந்த உறுப்பின் இடத்தில் புதிய உறுப்பு அமைய வேண்டும்.

படவீழ்த்தியின் உயிர்நிலை யாது? திரையில் உருவங்கள் இடையறாது இயங்குவனபோல் தோன்றினும், சுருளில் உள்ளவை அசையாப் படங்களே. பேசும் படத்தில் நொடிக்கு 24 படங்கள் விளக்கின் முன் வந்து நின்று செல்கின்றன. ஓடிக்கொண்டே இருந்தால் படம் கலங்கித் தோன்றும். ஆதலின் ஒவ்வொன்றும் ஓரிமைப்பொழுது அசையாது நிற்றல் வேண்டும். இடையறாது சுழலும் சக்கரத்தைக் கொண்டு நின்று நின்று செல்லும் இயக்கத்தை உண்டாக்குவது எவ்வாறு? நான்கு பிளவுகளை உடைய மால்ட்டாச் சிலுவை என்னும் சிறு உறுப்பே இவ்வருஞ்செயலைப் புரிகிறது.

சுழலும் சக்கரத்தில் ஒரு முளை உண்டு. சக்கரம் ஒரு முறை சுற்றும்போது அம்முளை சிலுவையின் ஒரு பிளவினுள் புகுந்து, அதனைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். சக்கரம் எஞ்சிய முக்கால் சுற்றைச் சுற்றும் வரையில் சிலுவை அசையாது நிற்கும். சிலுவையின் அச்சில் 16 பற்களை உடைய பல்லுருளை பொருத்தப்பட்டுள்ளது. அது கால் சுற்று திரும்பினால் நான்கு பற்கள் நகரும். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள சுருளில் நான்கு துளைகளுக்கு ஒரு படம் என்பது அளவு. ஆகவே சரியாக ஒரு படம் கீழிறங்கும். இவையனைத்தும் ஒரு நொடியில் 96இல் ஒரு பங்குக் காலத்தில் நிகழ்கின்றன. இரண்டரை மணி நேரம் ஓடும் படத்திற்கு இச்சிலுவை 2,16,000 முறை திரும்புகிறது. இத்துணை உழைக்கும் உறுப்பு தேய்வதில் வியப்பில்லை.

சிறு தேய்வால் வரும் கேடு சிறிதன்று. 21 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தை 6.3 மீட்டர் அகலமுள்ள திரையில் வீழ்த்தினால் அது 300 மடங்கு பெருகும். அதனோடு பிழையும் பெருகும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிறழ்ந்தாலும் திரையில் உருவம் 3 மில்லிமீட்டர் துள்ளும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. பல்லுருளையின் பற்கள் தேய்ந்து கொக்கிபோல் வளைந்துவிட்டால், அவை சுருளின் துளைகளைக் கிழித்துவிடும். ஒரே படியாக எஞ்சிய அரிய படமாயின் அவ்விழப்பை ஈடு செய்ய இயலாது.

புதிய உறுப்பை ஆக்குவோன் பழைய உறுப்பை அவ்வாறே படியெடுத்தல் போதாது. படியெடுத்தால் தேய்வையும் சேர்த்தே படியெடுத்தவன் ஆவான். தேய்ந்ததை அளந்து தேயாததை உணர்தலே அவன் கலை. ஒரு பற்சக்கரத்தில் 30 பற்கள் உள்ளன எனக் கொள்வோம். பற்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, வெளிவிட்டத்தின் அங்குல அளவால் வகுத்தால், அச்சக்கரத்தின் பல்லளவு எண் கிடைக்கும். விட்டம் 0.99 அங்குலம் எனக் காட்டினால், ஈவு 32.3 என வரும். அத்தகைய அளவில் பல் வெட்டும் கருவி வழக்கில் இல்லை. 32 என்னும் அளவே உண்டு. ஆகவே, சக்கரம் முதலில் ஓரங்குல விட்டம் உடையதாக இருந்து தேய்ந்தது என்பதை அவன் தெளிகிறான்.

அளவைப் போன்றே பொருளும் முதன்மையானது. விளக்கின் வெம்மை படும் இடத்தில் பிளாஸ்டிக் நெகிழ்ந்துவிடும்; அங்கு எஃகே ஏற்றது. சிலுவையையும் முளையையும் எஃகினால் செய்து, தோய்ச்சல் கொடுத்து உறுதியாக்கி, பின் நுட்பமாகச் சாணை பிடித்தல் வேண்டும். வெம்மையும் சுமையும் குறைந்த உறுப்புகளை இக்காலத்தில் முப்பரிமாண அச்சு முறையாலும் ஆக்குகின்றனர். கருவி புதிதாயினும் அளந்தறியும் பொறுமை பழையதே.

இத்தொழிலின் பயன் 2015ஆம் ஆண்டில் உலகுக்கு விளங்கிற்று. அமெரிக்க இயக்குநர் குவென்டின் டாரன்டினோ 'தி ஹேட்ஃபுல் எய்ட்' என்னும் தம் படத்தை 70 மில்லிமீட்டர்ச் சுருளில் காட்ட விரும்பினார். அதற்குரிய பொறிகள் பெரும்பாலான அரங்குகளில் இல்லை. ஆங்காங்கே கிடந்த பழம்பொறிகளைத் தேடித் திரட்டி, பிரித்துத் துலக்கி, தேய்ந்த உறுப்புகளை மாற்றிச் செப்பனிட்டனர். ஏறத்தாழ 100 அரங்குகளில் அப்படம் அவ்வாறே ஓடியது.

படம் பார்ப்போர் நடிகரைப் புகழ்வர், இயக்குநரைப் போற்றுவர். இருளறையில் சுழலும் சிறு சிலுவையையும் அதனை ஆக்கிய கைகளையும் அவர் அறியார். அறியப்படாவிடினும் அக்கைகள் பிழையின்றித் தொழில் செய்கின்றன. ஒருவர் காணாவிடத்தும் செம்மையாகச் செய்யப்படும் பணியே பலர் காணும் காட்சியைத் தாங்கி நிற்கிறது.

வினாக்கள்

1. படவீழ்த்தியில் படம் நின்று நின்று செல்ல வேண்டுவது ஏன்?
2. மால்ட்டாச் சிலுவை இயங்கும் முறையை விளக்குக.
3. தேய்ந்த உறுப்பை அவ்வாறே படியெடுத்தல் தவறாவது எங்ஙனம்?
4. 'ஒருவர் காணாவிடத்தும் செம்மையாகச் செய்யப்படும் பணி' என்பதற்கு நும் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.